சுவரைப் பார்த்த பலகை

சாவகச்சேரிச் சந்தைக்குக் கிட்ட இருக்கும் அந்தச் சைவ உணவகத்துக்குப் போகிறவர்கள் முதலில் படம் எடுப்பது அதன் நீண்ட மேசையைத்தான். வாசலுக்குச் சற்று உள்ளே தொடங்கி, நடுக்கூடத்தில் இருக்கும் கைகழுவும் தொட்டி வரை அது ஒரே ஓட்டமாக ஓடுகிறது. இரண்டு பக்கமும் இருந்து சாப்பிட நீள வாங்குகள். நாலு பேருக்கு ஒரு தண்ணீர்ச் செம்பு. மேலே தாழத் தொங்கும் மஞ்சள் விளக்குகள். தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, சாம்பார் வாளியைக் கை மாற்றிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அந்த மேசையை வரைந்தவள் உதயகலா. யாராவது அதைப் பாராட்டினால் அவள் பேச்சை மாற்றிவிடுகிறாள். அடக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அடக்கம் இல்லை.

உதயகலா சண்டிலிப்பாயில் புகையிலையும் வெங்காயமும் பயிர்செய்த குடும்பத்தில் பிறந்தவள். தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து வலிகாமமே மூட்டை கட்டிக்கொண்டு சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிக்கு நடந்தபோது அவளுக்கு நாலு வயது. அவளுக்கு அதில் எதுவும் நினைவில்லை. ஆனால் அம்மா ஞானாம்பிகை சொல்லிச் சொல்லி அவளுக்குள் ஒரு காட்சி உண்டாகியிருந்தது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். ஊர் பேர் தெரியாத சனம் எல்லாம் வரிசையாக இருந்து ஒன்றாகச் சாப்பிட்டது. "அண்டைக்குத்தான் மனிசர் மனிசராய் இருந்தவை," என்று அம்மா அந்தக் கதையை முடிப்பார்.

மொறட்டுவையில் உள்ளக வடிவமைப்புப் படித்து, கொழும்பில் சில வருடங்கள் வேலை செய்து, தகப்பன் இறந்த பிறகு அவள் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினாள். நல்லூரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து அலுவலகமாக்கினாள். முதலில் வந்தவை ரியூசன் நிலையங்களும் அழகுநிலையங்களும்தான். கண்ணாடி எங்கே வைப்பது, கதிரைகளை எப்படி நெருக்குவது என்பதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வாகீசன் வந்தான். தாய்மாமன் விட்டுப்போன உணவகத்தைப் புதிதாக்க வேண்டும் என்றான். அவள் விருப்பப்படி செய்யலாம் என்றும் சொன்னான்.

பழைய கடையை அவள் பார்க்கப் போன நாளில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பலகை அடித்துத் திரை தொங்கவிட்ட 'குடும்ப அறைகள்' நாலு. குழல் விளக்கின் செத்த வெளிச்சம். மேற்குச் சுவரோடு ஒட்டி முழங்கை அகலத்தில் ஒரு பலகை, அதற்கு முன்னால் முக்காலிகள். தனியாக வருகிறவர்கள் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். குழப்படி செய்த பிள்ளைகளை வாத்தியார் மூலையில் நிறுத்திவைத்ததுபோல அவளுக்குத் தோன்றியது. அந்த வரிசையில் அன்று ஓர் இளம் பெண்ணும் இருந்தாள். ஆசுப்பத்திரிச் சீருடை. ஒரு கையால் இடியப்பம், மறு கையில் தொலைபேசி. முகம் தெரியவில்லை.

அந்தப் பலகையைத்தான் உதயகலா முதலில் கழற்றச் சொன்னாள்.

அவள் சும்மா ஆசைக்கு வரைகிறவள் அல்ல. படித்துவிட்டு வரைகிறவள். தனியாகச் சாப்பிடுகிறவர்களின் உடம்பும் மனமும் எப்படித் தேய்கின்றன என்று ஆராய்ச்சிகளைக் கட்டுக்கட்டாக வாசித்திருந்தாள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வெறும் வீட்டில் தேநீரில் பாணை நனைத்துச் சாப்பிடும் முதியவர்கள் எத்தனை பேர் தென்மராட்சியில் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடினால் மனிதர் அவசரமாகச் சாப்பிடுவார் என்பதால் வாங்குகளுக்குப் பின்னால் நடைபாதை வராமல் பார்த்தாள். காது மந்தமானவருக்கும் பக்கத்தில் இருப்பவரின் குரல் கேட்க வேண்டும் என்று கூரைக்குக் கீழே துணியால் மூடிய தும்புப் பாய்களைக் கட்டி இரைச்சலைக் குடிக்கவைத்தாள். செம்பை வேண்டுமென்றே குறைத்து வைத்தாள். தண்ணீர் வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறந்து கேட்டே ஆக வேண்டும். வாகீசனுக்கு அது பிடிபடவில்லை. ஆளுக்கொரு போத்தல் வைத்தால் போகிறது என்றான். கேட்பதற்குத்தான் இந்த மேசையே என்று அவள் சொன்னாள்.

மேசை வேலை செய்தது. இதை மறைக்கக் கூடாது. மனைவி இறந்த பிறகு யாரோடும் கதைக்காமல் இருந்த ஆழ்வாப்பிள்ளை என்ற பழைய தபால்காரர் பின்னேரங்களில் வரத் தொடங்கினார். வடைக்கு வந்தவர் வம்புக்கு இருந்தார். சந்தைக்கு வந்த பெண்கள் வங்கி உத்தியோகத்தர்களுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். உதயகலா வாரம் ஒரு தடவை வந்து ஒரு மூலையில் இருந்து பார்த்தாள். தான் காகிதத்தில் வரைந்த கோடு மனிதர்களாக அசைவதைப் பார்ப்பதில் இருக்கும் போதை, அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படி ஒரு மத்தியானம் அவளுக்கு எதிரே அந்த ஆசுப்பத்திரிச் சீருடைப் பெண் வந்து இருந்தாள். வினோஜா, உடற்பயிற்சிச் சிகிச்சையாளர். பாரிசவாதத்தில் விழுந்தவர்களை மறுபடி நடக்கப் பழக்குகிறவள். சுவர்ப் பலகை போனதால் அவளுக்கு வேறு இடம் இருக்கவில்லை. செம்பைக் கேட்டாள். உதயகலா எடுத்துக் கொடுத்தாள். பக்கத்தில் ஒரு நடுத்தர வயது அம்மாள், இந்தப் பக்கம் ஆழ்வாப்பிள்ளை. அவர் தன் முழங்கால் நோவைப் பற்றிக் கேட்க, அவள் மேசைக்குக் கீழே காலை நீட்டச் சொல்லி ஒரு பயிற்சி காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். உதயகலாவுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தச் சிரிப்பில் தானும் சேர வேண்டும் போலிருந்தது. அவளும் ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்கள் எவடம்?"

காலநிலையைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். வினோஜா தீவுப்பகுதியில் ஓர் ஊரைச் சொன்னாள். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அடுத்த கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுவிடுவார்கள். உதயகலா அதை வாய்விட்டே கேட்டாள்.

"அட, எங்கடை பெரியம்மா அங்கைதான் கலியாணம் செய்தவ. கோயிலடி. நீங்கள் எந்தப் பக்கம்?"

வினோஜா ஒரு வாய் சோற்றைக் குழைத்தபடி இருந்தாள். பிறகு, "குளத்துக்கு அங்காலை," என்றாள்.

அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த அம்மாள் மோர் கேட்டார். பிறகு கை கழுவ எழும்பிய அந்த அம்மாள் திரும்பி வந்து அதே இடத்தில் இருக்கவில்லை. உதயகலா அதைக் கவனித்தாள். ஆனால் இடம் மாறி இருப்பது நல்லதுதான் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள். ஆட்கள் மேசையில் இயல்பாக நகர்கிறார்கள் என்று மகிழ்ந்தாள்.

இந்த மண்ணில் முன்பின் தெரியாத இருவர் பேசத் தொடங்கினால் அது இப்படித்தான் தொடங்குகிறது. முதலில் ஊர். பிறகு ஊருக்குள் எந்தப் பக்கம். அதற்குப் பிறகும் தெளிவில்லை என்றால் ஆற்றை பிள்ளை, அதாவது யாருடைய பிள்ளை. கேட்டவர் வீட்டுக்குப் போய்க் கையைக் காலைக் கழுவி நிம்மதியாகப் படுக்கலாம். சாதி என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. தேநீர்க் கடைகளில் வேறு கிளாஸ் வைத்தவர்களைச் சட்டம் கொண்டு பிடிக்கலாம். இந்தக் கேள்வியை எந்தச் சட்டம் கொண்டு பிடிப்பது? இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு அன்பாகச் செய்யப்படும் அநியாயம் உலகத்தில் குறைவு. தெரியாதவர்களைப் பேசவைக்கும் ஒரு மேசையை இங்கே போட்டால் அவர்கள் என்ன பேசுவார்கள் என்பதை உதயகலா எந்த ஆராய்ச்சியிலும் வாசித்திருக்கவில்லை. அவற்றை எழுதியவர்கள் யாழ்ப்பாணத்தில் சாப்பிட்டவர்கள் அல்ல. அவள் யாழ்ப்பாணத்தில் சாப்பிட்டு வளர்ந்தவள். அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவள் ஒருநாளும் பயந்ததில்லை, அதனால் தெரியவில்லை.

பிறகு வினோஜா கடைக்கு வரவில்லை. வாகீசன்தான் பேச்சுவாக்கில் சொன்னான். சில வாரங்கள் கழித்து உதயகலா அவளை ஆசுப்பத்திரிக்கு முன்னால் பஸ் தரிப்பில் கண்டாள். தோளில் பெரிய பை. எங்கே போகிறாள் என்று விசாரித்தாள். தீவுக்கு, வீட்டுக்கு என்றாள். தினமும் இரண்டு பஸ் மாறி, போக ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம், வர அவ்வளவு. சாவகச்சேரியில் இருந்த அறையை வீட்டுக்காரர் விடச் சொல்லிவிட்டார்.

உதயகலாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. ஏன் என்று கேட்டாள். வினோஜா சண்டைக்கு நிற்கிற குரலில் சொல்லவில்லை. அன்று மோர் கேட்ட அம்மாள் அந்த வீட்டுக்காரியின் தங்கை என்று மட்டும் சொன்னாள்.

"ரெண்டு வருசமா அந்த வீட்டிலை இருந்தனான் அக்கா. எவடம் எண்டு கேட்டால் யாழ்ப்பாணம் ரவுண் எண்டு சொல்லுவன். மாமா வீடு ரவுணிலைதான், பொய்யுமில்லை. அண்டைக்கும் அப்பிடியே சொல்லியிருக்கலாம்."

"பிறகு ஏன்..."

"உங்கடை மேசையிலை எல்லாரும் சிரிச்சுக்கொண்டு இருந்தவை. ஒளிக்கிறது வெக்கமாய்க் கிடந்தது."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தபடி, இப்படியே அலைய முடியாது, வேறு அறையும் யாரும் தருகிறார்கள் இல்லை, அடுத்த மாதம் இடமாற்றத்துக்கு எழுதப்போகிறேன் என்றாள். இடமாற்றம் என்றால் மன்னாரோ முல்லைத்தீவோ. சாவகச்சேரியில் அவள் கை பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிற்பார்கள். அதை அவள் சொல்லவில்லை. உதயகலா அந்தத் தரிப்பில் நின்று தானாகவே கணக்குப் பார்த்துக்கொண்டாள். பலகையைக் கழற்றியவள் தான். எதிரே இருத்தியவள் தான். கேட்டவளும் தான்.

மறுநாள் அவள் அந்த வீட்டைத் தேடிப் போனாள். வீட்டுக்காரர் கதிரவேலு, ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். மனைவி சின்னத்தங்கம். கேற்றைத் திறந்த சின்னத்தங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்து, எவடம் பிள்ளை என்று கேட்டார். சண்டிலிப்பாய் என்றாள். எந்தப் பக்கம் என்றார். சொன்னாள். ஆற்றை பிள்ளை என்றார். புகையிலைத் தம்பிஐயாவின் மகள் என்றாள். எல்லாம் வாயில் தானாக வந்தன. ஒவ்வொரு பதிலுக்கும் அந்த முகம் ஒரு கதவாகத் திறந்துகொண்டு போனது. கடைசிப் பதிலுக்கு உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. அவள் குடித்தாள்.

கதிரவேலுவும் தன் கோப்பையை எடுத்தார். வலது கை. விரல்கள் மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பிடியைச் சுற்றி மடிந்தன. போன வருடம் பாரிசவாதத்தில் விழுந்து இந்தக் கை மரக்கட்டைபோலக் கிடந்தது என்றும், இப்போது எழுத்துக்கூட வருகிறது என்றும் பெருமையாகச் சொன்னார். யார் அதை வழிக்குக் கொண்டுவந்தது என்று உதயகலா கேட்டாள். இங்கே வாடகைக்கு இருந்த பிள்ளைதான், வேலை முடிந்து வந்து பின்னேரங்களில் விரல் விரலாகப் பிடித்துப் பயிற்சி தந்தது என்று தயங்காமல் சொன்னார். நல்ல பிள்ளை என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அப்ப ஏன் ஐயா அறையிலையிருந்து எழுப்பினீங்கள்?"

அவர் கோப்பையை வைத்தார். "எழுப்பேல்லைப் பிள்ளை. லண்டனிலையிருந்து மகள் வாறாள். அறை தேவைப்படுது."

அவள் உள்ளே மூடிக்கிடந்த அறைக் கதவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சின்னத்தங்கம் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

"நீர் அறை தேடி வந்தனீரோ? நீர் எண்டால் இருக்கலாம். நல்ல காத்தோட்டம். கிணத்தடியும் கிட்ட."

"மகள் வாறா எண்டு ஐயா சொன்னவர்."

"அது..." என்றார் சின்னத்தங்கம். புருசனைப் பார்த்தார். கதிரவேலு வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டார்.

அவர்களைத் திட்டிவிட்டு வந்திருக்கலாம். உதயகலா திட்டவில்லை. வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் தேநீரை அடிவரை குடித்து முடித்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் தான் நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னதும் நினைவுக்கு வந்தது. நான் சொல்லமாட்டேன் என்று ஒரு இடத்திலாவது நின்றிருக்கலாம். நிற்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அன்று பின்னேரம் சண்டிலிப்பாயில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். ஞானாம்பிகை வெங்காயத்தாளை அரிந்துகொண்டு கேட்டார். எல்லாம் கேட்டு முடித்து, "அந்தப் பிள்ளை எவடமாம்?" என்றார். உதயகலாவுக்கு அழுகை வந்தது. தொண்ணூற்றைந்தில் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டதாகச் சொன்னீர்களே, அப்போதும் இதைக் கேட்டுவிட்டுத்தான் இருந்தீர்களா என்றாள். ஞானாம்பிகையின் கத்தி கொஞ்சம் நின்றது.

"மண்டபம் ஒண்டுதான். நாங்கள் பின்பக்கத்திலை வேறையாய்ச் சமைச்சனாங்கள்."

"நீங்கள் சொன்ன கதை?"

"நீ சின்னப்பிள்ளை. உனக்கு நல்லதாய்ச் சொன்னன்."

தன் மேசையின் முதல் கோடு எங்கிருந்து வந்தது என்று உதயகலாவுக்கு அன்று தெரிந்தது. நடக்காத ஒரு பந்தியை அவள் தேக்கில் செய்து சாவகச்சேரியில் போட்டிருந்தாள்.

வாகீசனிடம் போய்ச் சுவர்ப் பலகையைத் திரும்பப் போட வேண்டும் என்றாள். அவன் நம்பாமல் பார்த்தான். சனம் வருவதே மேசையைப் பார்த்துத்தான், போட்ட பலகையைக் கழற்றி, கழற்றியதைப் போட்டு, இது என்ன விளையாட்டு என்றான். எல்லோரும் எல்லோரோடும் கதைக்க வேண்டும் என்று நான் நினைத்தது பிழை, கதைக்காமல் இருப்பதற்கும் இடம் வேண்டும், அது சிலருக்குச் சோற்றைவிட முக்கியம் என்று அவள் சொன்னாள். காரணத்தை முழுதாகச் சொன்னபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் அந்தக் கேள்வியின் மூன்று படிகளும் தெரியும். மேற்குச் சுவரில் பலகை வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் அகலமாக, கண் மட்டத்தில் ஒரு யன்னலோடு. வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு செம்பு. யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை.

ஆனால் பலகை ஓர் அறை ஆகாது. வினோஜா இடமாற்றத்துக்கு எழுத இன்னும் சில நாட்களே இருந்தன. நல்லூர் அலுவலகத்தின் பின்னறை சும்மா கிடந்தது. அங்கிருந்து ஒரே பஸ்ஸில் சாவகச்சேரிக்குப் போகலாம். அதைச் சொல்ல உதயகலா ஆசுப்பத்திரிக்குப் போனாள். சிகிச்சை அறையில் இருந்த ஒருவரை நடைக்கம்பியில் விட்டுவிட்டு வினோஜா வாசலுக்கு வந்தாள். மன்னிப்பு என்று உதயகலா தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினாள். அறையைப் பற்றி மட்டும் பேசினாள்.

"மேல்வீட்டிலை ஆக்கள் இருக்கினமோ?"

"ஓம். வீட்டுக்கார அம்மா."

"அவ கேப்பா."

"என்னட்டைத்தான் கேப்பா."

"நீங்கள் என்ன சொல்லுவீங்கள்?"

உதயகலா இரண்டு பதில்களை மனதுக்குள் எடைபோட்டாள். ரவுண் என்று சொல்லலாம். பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்னால் வினோஜா மறுபடி ஒளிய வேண்டும், இந்த முறை உதயகலாவின் வாய்க்குள். உண்மையைச் சொன்னால் அறை போகும். வினோஜா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இப்போதைக்கு வந்து தங்கிப் பார்க்கிறேன், இடமாற்றக் கடிதத்தை இந்த மாதம் கொடுக்காமல் வைக்கிறேன் என்றாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அவள் வந்து மூன்றாம் நாள் காலை வீட்டுக்கார அம்மா யோகராணி படலையடியில் செம்பரத்தைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். கெட்ட மனுஷி இல்லை. அலுவலகத்துக்கு மாம்பழம் கொடுத்தனுப்புகிறவர். குழாயைக் கையில் பிடித்தபடி, பின்னறையில் ஒரு பிள்ளை இருக்கிறதுபோலத் தெரிகிறதே என்று தொடங்கினார். ஆசுப்பத்திரியில் வேலை செய்கிறவர் என்றாள் உதயகலா. வடிவான பிள்ளை என்றார் யோகராணி. பிறகு அது வந்தது.

"பிள்ளை எவடம்?"

உதயகலா ஸ்கூட்டரின் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு சொல் நாக்கு நுனியில் நின்றது. ரவுண்.

"நான் ஒருக்கால் கேட்டனான், அம்மா. நான் கேட்டதாலைதான் அவவுக்கு இருந்த இடம் போனது. அதாலைதான் இஞ்சை இருக்கிறா. தயவுசெய்து நீங்கள் கேக்காதேங்கோ."

யோகராணிக்கு விளங்கியது. இங்கே யாருக்கு விளங்காது? தண்ணீர் செம்பரத்தையை விட்டு நிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போய்க் குழாயைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்தார். அந்த இடைவெளியில் உதயகலா தன் அலுவலகத்துக்கும் வினோஜாவுக்கும் வேறு இடம் தேடத் தொடங்கிவிட்டிருந்தாள், மனதுக்குள்.

"பொழுதுபட்டால் அந்தப் பிள்ளையைக் கேற்றைச் சாத்திக் கொழுவச் சொல்லும். கட்டாக்காலி மாடு வருது," என்றார் யோகராணி.

அந்தக் கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை. மாம்பழமும் பிறகு வரவில்லை.

வினோஜா இன்னும் அந்தப் பின்னறையில் இருக்கிறாள். கடிதம் இன்னும் கொடுக்கப்படவில்லை. கொடுக்கமாட்டேன் என்றும் அவள் சொல்லவில்லை. மத்தியானங்களில் உணவகத்தில் யன்னலுக்கு நேரே இருக்கும் முக்காலியில், கடைக்கு முதுகைக் காட்டி, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாள். உதயகலா போகிற நாட்களில் அவளுக்குப் பக்கத்து முக்காலி சும்மா இருந்தாலும் போய் இருப்பதில்லை. நீண்ட மேசையின் கடைசியில் இருக்கிறாள். ஆழ்வாப்பிள்ளை அவளைக் கண்டதும் சத்தமாகக் கூப்பிடுகிறார். மேசையில் எப்போதும்போல ஆட்கள் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள் வந்து இருந்து, பக்கத்தில் இருப்பவரின் பக்கம் திரும்பி வாயைத் திறக்கும்போது, அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறாள். சில நேரம் தண்ணீர்தான் கேட்கிறார்கள்.